கமலா மிஸ்ஸியும் என் கணவரின் கண்களும்

கண் வார்ட்டில் இப்போது மணல் மூட்டை வைப்பதில்லையாம். போன மாதம் என்னைப் பார்க்க வந்த இளம் தாதிமார் இருவர் சொன்னார்கள். புரை எடுத்தவரை அடுத்த நாளே எழுப்பிக் கதிரையில் இருத்துகிறார்களாம். அவர் தன் கையாலேயே தேநீர் குடிக்கிறாராம். எங்கள் காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். பாதியை அவர்கள் நம்பவில்லை. தாதிமார் சிறப்பு மலர் ஒன்று போடப் போகிறோம், அதற்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எழுத உட்கார்ந்தால், கண்ணைப் பற்றி எழுத வந்த கை ஒரு பெண்ணைப் பற்றி எழுதத்தான் போகிறது. அவளுடைய பெயர் கமலாதேவி. வயதில் என்னைவிட இளையவள், ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். என்னுடைய வேலைக் காலத்தில் பாதியை அவள் மேல் எரிச்சல்பட்டே கழித்தேன். அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒருத்தியின் கதையாகிவிடும்.

நான் திருகோணமலையில் பிறந்தவள். அப்பா டொக்யார்ட்டில் வேலை செய்தவர். சுதந்திரம் வந்து சில வருடங்களில் தாதிப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிங்களம் படித்தேன், கட்டில் விரிக்கப் படித்தேன், வீட்டை நினைத்து அழுதேன். திரும்பி வந்ததும் என்னைக் கண் பகுதியில் போட்டார்கள். பிரசவ வார்ட்டில் பிள்ளை பிறந்தால் தாதிக்கும் இனிப்புக் கிடைக்கும். கண் பகுதிக்கு யாரும் விரும்பிப் போவதில்லை.

அங்கே கண் டொக்டராக இருந்தவர் டொக்டர் அருளப்பு. மெலிந்த மனிதர். கோபம் வந்தால் அவருடைய குரல் இன்னும் தாழ்ந்து போகும். அவர் முணுமுணுக்கத் தொடங்கினால் நாங்கள் நடுங்குவோம். காலையில் வந்ததும் எங்கள் கைகளைத்தான் முதலில் பார்ப்பார். நகம், வளையல், மோதிரம். கலியாண மோதிரத்தையும் கழற்ற வேண்டும். கண்ணுக்குக் கிட்டப் போகிற கை வெறுங்கையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். தன் கைகளை அவர் கழுவும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விரலாக, விரலிடுக்கு விரலிடுக்காக, பக்கத்தில் யார் வந்து நின்றாலும் திரும்பாமல் கழுவுவார். ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் பார்க்க வந்து, அவர் முழங்கைவரை கழுவி முடிக்கும்வரை வாசலில் காத்து நின்றார்.

எங்களுக்கு அவர் முதலில் படிப்பித்தது கண்ணுக்கு மருந்து விடுவது. மாதக்கணக்கில் வேறொன்றையும் தொட விடவில்லை. நோயாளியை மேலே பார்க்கச் சொல்ல வேண்டும். கீழ் இமையை விரல் நுனியால் மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி இடம் வரும். அதற்குள் ஒரு துளி. நேரே கருவிழியின் மேல் விட்டால் கண் திடுக்கிட்டு மூடிக்கொள்ளும், மருந்து கன்னத்தில் வழியும். போத்தலின் வாய் இமை மயிரில் படக்கூடாது. விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்து மூலையை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியே தொண்டைக்கு இறங்கிவிடும். நாங்கள் ஒருவருக்கொருவர் உப்புத் தண்ணீர் விட்டுப் பழகினோம்.

புரைக்கு வெட்டுவதற்கு முன் இமை மயிர் வெட்டுவது என்னுடைய வேலை. சின்னக் கத்தரிக்கோலின் அலகுகளில் வஸ்லின் பூசிக்கொண்டு வெட்டுவேன். வெட்டிய மயிர் கண்ணுக்குள் விழாமல் அலகில் ஒட்டிக்கொள்ளும். வெட்டு முடிந்த பிறகு நோயாளியின் இரண்டு கண்களையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைப்போம், தலை அசையாதபடி. நாட்கணக்கில் அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, கடித்துச் சாப்பிடக்கூடாது. கஞ்சியும் சூப்பும் கரண்டியால் ஊட்டுவோம். கண் கட்டிய மனிதருக்கு வார்ட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் குரலும் கையும்தான். யாருடைய கை எது என்று அவர்களுக்கு வெகு சீக்கிரம் பழகிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் எல்லாவிதக் கண்ணும் வரும். அறுவடைக் காலத்தில் நெல் உமி பட்ட கண்கள். வருவதற்கு முன்பே அதில் தாய்ப்பால் விட்டிருப்பார்கள், இலைச்சாறு பிழிந்திருப்பார்கள். எங்களிடம் வரும்போது கருவிழியில் வெள்ளைப் புண் விழுந்திருக்கும். டொக்யார்ட்டில் இரும்பு ஒட்டுகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போடாமல் நெருப்பைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் மணல் கொட்டினது போல இருக்கிறது என்று பொத்திக்கொண்டு வருவார்கள். புல்மோட்டை மணல் ஆலையிலிருந்து உண்மையாகவே மணலோடு வருகிறவர்களும் உண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்கு வெயிலாலும் உப்புக் காற்றாலும் மூக்குப் பக்கமாகச் சதை வளர்ந்து கருவிழியின் மேல் ஏறியிருக்கும். பொழுதுபட்டால் தடக்கி விழுகிற பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு வருவார்கள். முருங்கைக்கீரையும் பப்பாப்பழமும் முட்டை மஞ்சளும் கொடுங்கள் என்று டொக்டர் முணுமுணுப்பார். மருந்தை எதிர்பார்த்து வந்த தாய்க்கு முகம் வாடிவிடும்.

இவையெல்லாம் நோகும், அல்லது வெளியே தெரியும். ஆகவே ஆட்கள் பயந்து வந்துவிடுவார்கள். நோகாமலும் தெரியாமலும் வருகிற ஒன்று இருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய். குளுக்கோமா என்று நாங்கள் சொல்லுவோம். கண் சிவக்காது. நேரே பார்த்தால் எழுத்துத் தெரியும், ஊசியில் நூல் கோக்கலாம். பார்வை ஓரங்களிலிருந்துதான் போகும். ஓரம் போனது கடைசிவரை ஆளுக்குத் தெரியாது. போனது திரும்பவும் வராது.

கமலாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்தாள். அப்போது நான் தியேட்டரில், அதாவது சத்திரசிகிச்சை அறையில், டொக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கையை நீட்டுவார், என்ன வேண்டும் என்று சொல்ல மாட்டார். சரியான ஆயுதத்தைச் சரியான பக்கமாக அந்தக் கையில் வைக்க வேண்டும். நான் வைப்பேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. கமலா வந்து கொஞ்சக் காலத்தில் டொக்டர் அவளை மேசைக்கு எடுத்தார், என்னை வார்ட்டுக்கு அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் கை கழுவும் இடத்துக்கே போய்க் கேட்டேன்.

“ஐயா, என்ர கையில என்ன பிழை கண்டனீங்கள்?”

அவர் விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “கையில பிழையில்லை. நல்ல கை. ஆனா வெட்டேக்க நீங்கள் என்ர முகத்தைப் பாக்கிறீங்கள், நான் திருப்தியோ எண்டு. அவ கண்ணைப் பாக்கிறா.”

நான் களஞ்சிய அறைக்குப் போய், ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த துணிக்கட்டுகளை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அதனால் எனக்கு ஆறவில்லை.

அன்றிலிருந்து கமலாவைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. அவள் மெதுவாக நடப்பாள், செருப்புச் சத்தம் கேட்காது. மருந்து விட்டால் ஒரு துளியும் வழியாது. கிழவர்கள் கண் கட்டியபடியே, கமலா மிஸ்ஸி எப்போது வருவா என்று என்னிடம் கேட்பார்கள். குறிஞ்சாக்கேணியில் மாதாந்தம் கிளினிக் வைப்போம். அங்கே, முன்பு எங்கள் வார்ட்டில் புரை வெட்டுப்பட்ட பெரியவர் ஒருவர், போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, கமலா மிஸ்ஸிக்கென்று ஒரு வத்தகைப்பழம் கொடுத்துவிட்டார். அவருடைய இமை மயிரை வெட்டினவள் நான். கஞ்சி ஊட்டினவள் நான். கமலா அந்தப் பழத்தை வெட்டி வார்ட்டில் எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டேன். நல்ல சிவந்த பழம்.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவரிமுத்து என்று பெயர். துறைமுகத்தில் இழுவைப் படகின் சுக்கானி. வெள்ளைக்காரக் கடற்படை போன பிறகும் தேயிலைக் கப்பலும் சீனன்குடாவுக்கு எண்ணெய்க் கப்பலும் வந்துகொண்டுதான் இருந்தன. மலை மாதிரி நிற்கிற கப்பலை ஒரு சின்னப் படகால் தள்ளி, இடித்துவிடாமல் மேடையோடு அணைக்கிற வேலை. அவர் அதைச் செய்கிறதைக் கரையிலிருந்து பார்த்துத்தான் நான் கலியாணத்துக்கு ஓம் சொன்னேன். பின்னேரங்களில் வேலை முடிந்து சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். சிறிது காலமாகச் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்து வரத் தொடங்கியிருந்தார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார். நானும் நம்பினேன்.

ஒரு பின்னேரம் அப்படி வந்தவர், கிளினிக் விறாந்தையில் கிடந்த வாங்கில் முழங்காலை இடித்துக்கொண்டார். பார்த்து வாருங்கோவன் என்று சொல்லிவிட்டு நான் பையை எடுக்கத் திரும்பினேன். திரும்பும்போது கமலாவைக் கண்டேன். அவள் என் கணவரின் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழிந்திருக்கும். வார்ட்டில் வேலை செய்த பாக்கியம் என்ற பெண் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள். “மிஸ்ஸி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் குறிஞ்சாக்கேணிக்குப் போற நாளில உங்கட மனுசன் இஞ்ச வாறவர். கமலா மிஸ்ஸியோட உள்ளுக்க இருந்து கதைச்சுப்போட்டுப் போறவர்.”

அன்றிலிருந்து வீட்டில் என் கணவரைப் புது ஆளாகப் பார்க்கத் தொடங்கினேன். அவர் மாறித்தான் இருந்தார். பொழுதுபட்டால் வெளியே போகிறதில்லை. நண்பர்கள் கூப்பிட்டாலும் சாட்டுச் சொல்லுவார். நான் கதைக்கும்போது யோசனையில் இருப்பார். நெற்றியைத் தடவிக்கொண்டே இருப்பார். நான் கிட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார். ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த குறிஞ்சாக்கேணி நாளில், கிண்ணியாத் துறையில் வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவை, பாதை என்று நாங்கள் சொல்லுவோம், பழுதாகிக் கிடந்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். கிளினிக் அறையின் அரைக்கதவுக்கு மேலால் பார்த்தேன். என் கணவர் கதிரையில் இருந்தார். முகத்தை மேலே நிமிர்த்தியிருந்தார். கமலா அவர் மேல் குனிந்து நின்றாள். அவளுடைய ஒரு கை அவர் கன்னத்தில் இருந்தது.

நான் ஆயிரம் தரம் நின்ற நிலைதான் அது. வேறு யாரையாவது அப்படிக் கண்டிருந்தால் மருந்து விடுகிறாள் என்று ஒரு கணத்தில் தெரிந்திருக்கும். அன்றைக்குத் தெரியவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம், கொடியில் தொங்கிய அவருடைய காற்சட்டைப் பைகளைத் துழாவினேன். ஒரு கைக்குட்டையாவது இருக்கும் என்று நினைத்தேன். ஒரு சின்ன மண்ணிறப் போத்தல் வந்தது. ஒட்டியிருந்த கடதாசியை வாசிக்கத் தேவைப்படவில்லை. பைலோகார்ப்பின். கண் அழுத்தத்துக்கு நாங்கள் ஒவ்வொரு நாளும் விடுகிற மருந்து.

முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க மாட்டேன். இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிறகுதான் அந்தப் போத்தல் என்ன என்று புரிந்தது. அதற்கும் பிறகு, மாதக்கணக்காக அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்று புரிந்தது. இந்த மூன்றில் எது கூடுதலாக நொந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல ஏலாது.

குளித்துவிட்டு வந்தவரைக் குசினி வாசலில் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தேன். கண்மணிகள் இரண்டும் கடுகளவாகச் சுருங்கிக் கிடந்தன. அந்த மருந்து செய்கிற வேலை அது. அதனால்தான் பொழுதுபட்டால் அவருக்கு எல்லாம் இருண்டு போயிருக்கிறது. அதனால்தான் நெற்றி நொந்திருக்கிறது. அதே கண்களைத் தினமும் சாப்பாட்டு மேசையில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

அவர் போத்தலையும் என்னையும் பார்த்தார். “நீர் ஒவ்வொரு நாளும் வந்து கண் போன ஆக்களின்ர கதைதான் சொல்லுறனீர். அதில நானும் ஒருத்தனாப் போகப் பயமாக் கிடந்தது. வீட்டில எண்டாலும் நான் வருத்தக்காரன் இல்லாமல் இருப்பம் எண்டு பாத்தன்.”

“அவவுக்குச் சொல்லலாம், எனக்கு ஏலாது.”

“அவவுக்கு நான் சொல்லேல்லை. அவவாத்தான் கண்டுபிடிச்சவ. வாங்கில இடிபட்ட அண்டைக்கு.”

கமலாவிடமும் கேட்டேன். அவர்தான் சொல்ல வேண்டாம் என்றவர், நோயாளி அப்படிக் கேட்டால் டொக்டரும் நானும் என்ன செய்வது என்றாள். அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. குற்றம் சாட்ட ஒன்றும் அகப்படவில்லை.

மருந்து போதவில்லை. ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயிலில், அவர் படகின் இடப்பக்கத்தால் நின்ற வள்ளம் ஒன்றை உரசிவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அந்த வள்ளம் அங்கே நின்றதே தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னபோது, துறைமுகத்தில் அவரை ஆறுதலாகச் சுக்கானிலிருந்து இறக்கினார்கள். டொக்டர் அருளப்பு அவரைக் கிடத்தி, கண்ணை மரக்கச் செய்து, அழுத்தம் பார்க்கிற சின்ன உலோகக் கருவியைக் கருவிழியின் மேல் நிறுத்திப் பார்த்தார். முள் அசைவதை நானும் பார்த்தேன். இடக்கண் அநேகமாக முடிந்துவிட்டது, வலக்கண்ணிலாவது நீர் வடிய ஒரு வழி வெட்டிவிட வேண்டும், பிந்தினால் அதுவும் போகும் என்று டொக்டர் முணுமுணுத்தார்.

நான் பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டேன். ஏலாது என்றார். வார்ட்டிலும் நான் அவரைத் தொடக்கூடாது. சொந்தக்காரருடைய கை பயப்படும், பயப்படுகிற கை கண்ணுக்குக் கிட்டப் போகக்கூடாது. எல்லாம் கமலா பார்ப்பாள்.

வெட்டு நடந்தபோது நான் வார்ட்டில் வேறு ஒருவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்களும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. கமலா அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். கமலா வாயைத் துடைத்தாள். இருமல் வந்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மூச்சு விடுங்கோ என்று சொன்னவளும் கமலா. நான் வார்ட்டின் மறுகரையில் நின்று, என் புருஷனுடைய வாயை இன்னொருத்தி துடைக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவளுக்கு ஏதோ மெல்லச் சொல்லுவார், அவள் குனிந்து கேட்பாள். எனக்குக் கேட்காது.

இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்ட்டு அடங்கியிருந்தது. கமலா தியேட்டர்ப் பக்கம் போயிருந்தாள். அவருடைய கட்டிலில் விரிப்பு ஒரு பக்கம் நழுவிக் கிடந்தது. கண்ணைத் தொடத்தானே கூடாது, விரிப்பைத் தொடலாம் என்று போனேன். சத்தமில்லாமல், கமலா நடக்கிறது போலவே நடந்தேன். விரிப்பை இழுத்துச் செருகினேன்.

“கமலா மிஸ்ஸியோ?” என்றார்.

வாய் திறந்தால் நான் என்று தெரிந்துவிடும். அவர் கையை மெல்லத் தட்டினேன், ஓம் என்கிற மாதிரி.

“பிலோமினாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கண் நோகுது. காலமையிலயிருந்து, உள்ளுக்க இறுக்கிப் பிடிச்சமாதிரி. அவ பயந்துபோவா.”

நான் அப்படியே நின்றேன். எனக்குச் சொல்லாதே என்று எனக்கே சொல்கிறார். கோபம் வந்தது. ஆனால் கண் தாதிக்கு, வெட்டுப்பட்ட கண் நோகிறது என்ற சொல்லைக் கேட்டுவிட்டுக் கோபத்தோடு நின்றுகொண்டிருக்க முடியாது. உள்ளே ஏதோ பிழைக்கிறது என்று அர்த்தம். இருப்பது அந்த ஒரு கண். அவர் கையை விட்டுவிட்டுத் தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். வார்ட்டில் ஓடக்கூடாது என்று படிப்பித்தவர் உள்ளேதான் இருந்தார்.

கமலா வெளியே வந்தாள். நோகுது எண்டு சொல்லுறார், காலமையிலயிருந்தாம் என்றேன்.

“எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே. ஆருக்குச் சொன்னவர்?”

“உமக்குத்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. உடனே உள்ளே திரும்பி டொக்டரைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கண் உள்ளே அழற்சி ஏறிச் சிவந்திருந்தது. கண்மணியின் ஓரம் உள்ளே ஒட்டப் பார்த்தது. அட்ரோப்பின் விட்டார், ஊசி போட்டார், மணிக்கு மணி மருந்து விடச் சொன்னார். அந்தப் பொழுது முழுவதும் கமலா கட்டிலை விட்டு அசையவில்லை. நானும் அசையவில்லை, ஆனால் கட்டிலின் கால்மாட்டில் ஒரு வாங்கில். பின்னேரம் நோவு குறைந்தது. டொக்டர் கை கழுவிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்றார். யார் முதலில் அறிந்து சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கமலாவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன என்று எனக்கு இன்றுவரை இருக்கிறது.

கட்டை ஒரேயடியாக அவிழ்க்கிற நாள் வந்தது. டொக்டர் என்னையும் வரச் சொன்னார். நான் என் கணவரின் இடப்பக்கம், தலைமாட்டுக்குக் கிட்ட நின்றேன், கண் திறந்தவுடன் என்னைக் காணட்டும் என்று. கமலா எதிரே நின்று கட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். அவர் கண்ணைத் திறந்து சிமிட்டினார். என்ன தெரியுது என்று டொக்டர் கேட்டார்.

“கமலா மிஸ்ஸி தெரியுறா” என்றார். முகம் மலர்ந்து போயிருந்தது. “வடிவாத் தெரியுறா. ஊசி குத்தியிருக்கிறதும் தெரியுது, சட்டையில.”

பிறகு, பிலோமினா வரேல்லையோ என்று கேட்டார்.

நான் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன். பக்கத்தில் நின்றேன். அவருக்குப் பக்கம் என்று ஒன்று இனி இல்லை. படித்த பாடம், நானே நோயாளிகளின் பெண்சாதிமாருக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம், எனக்கு அந்த இடத்தில் வரவில்லை. கமலா என் தோளைப் பிடித்து, தான் விலகி, தன்னுடைய இடத்தில் என்னை நிறுத்தினாள். அவர் என்னைக் கண்டார். நீர் அழுதுகொண்டு நிக்கிறீர் என்றார். கமலா விட்ட இடத்தில் நின்றுதான் என் கணவர் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் திரும்பச் சுக்கான் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் கயிறு வைக்கிற கொட்டிலில் வேலை கொடுத்தார்கள். கயிறு முறுக்கவும் முடிச்சுப் பார்க்கவும் நேர்ப்பார்வை போதும். கப்பல் ஊதினால் எழுந்து வெளியே வந்து நிற்பாராம். அதை எனக்கு வேறு ஆட்கள் சொன்னார்கள்.

சில வருடங்களில் கமலாவுக்கு உயர்வு கிடைத்து யாழ்ப்பாணத்துக்கே மாற்றலானாள். பிரியாவிடைக்கு நான் தொதல் கிண்டிக்கொண்டு போனேன். எல்லோரும் அழுதார்கள், என் கணவர்கூட. நான் தொதலைப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு டொக்டர் என்னை மறுபடி மேசைக்கு எடுத்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றேன். அப்போதும், புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆட்கள் அந்த இடத்தைக் காட்டி, கமலா மிஸ்ஸி நின்ற இடம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் வருவதற்கு முன் அங்கே நின்றவளும் நான்தான் என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்ளுவேன்.

இந்த மலரை வாசிக்கிற இளம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றால் இதுதான். நாற்பது தாண்டிய உங்கள் வீட்டு ஆட்களை ஒரு முறை அழுத்தம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே போங்கள். நேரே நன்றாகத் தெரிகிறதே என்று அவர்கள் சொல்லுவார்கள், அதை ஏற்காதீர்கள். ஓரத்தில் எது தெரிகிறது என்று கேளுங்கள். தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடுகிறாரா, வாசல் நிலையில் தோளை இடிக்கிறாரா, சைக்கிளை விட்டுவிட்டு நடக்கிறாரா என்று பாருங்கள். வேறு ஒருத்தி வந்து கண்டுபிடிக்கும்வரை விட்டுவிடாதீர்கள்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் இருக்கும், கமலா வந்தாள். கோணேசர் கோயிலுக்கு வந்தவள், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தாள். தலை நரைத்திருந்தது. கலியாணம் செய்யவில்லை. உள்ளே வந்தவள், ஒருவரும் சொல்லாமலே கதிரையை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு இருந்தாள், அவருடைய பார்வை விழுகிற இடத்தில். எனக்கு அது பழக வருடங்கள் எடுத்தது. அவர் அவளோடு பழைய கதைகள் கதைத்தார். என்னோடு ஒரு கிழமைக்குச் சிரிக்கிற சிரிப்பை ஒரு பின்னேரத்தில் சிரித்து முடித்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

அவருக்கு மருந்து விடுகிற நேரம் வந்தது. போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன். கமலா கையை நீட்டினாள்.

“இண்டைக்கு நான் விடட்டோ, அக்கா? கை மறந்துபோச்சோ எண்டு பாப்பம்.”

அவர் ஏற்கெனவே தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கை என்றாலும் சரி என்கிற மாதிரி.

“வேண்டாம், கமலா” என்றேன். “நீர் தேத்தண்ணியைக் குடியும். இது என்ர கண்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு, “ஓம் அக்கா” என்றாள். கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து எனக்கு இடம் விட்டாள்.

“ஆரெண்டாலும் கெதியா விடுங்கோ, கழுத்து நோகுது” என்றார் அவர்.

நான்தான் விட்டேன்.